வில்லங்கம்

வங்கி மதிப்பீட்டாளர் வந்தது
வைகாசி வெயில் உச்சியில்.
காரை இட்டேரியில் நிறுத்திவிட்டு
கிளுவை வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு
கொறங்காட்டுக்குள் நடந்தார்.
மண்ணைப் பார்க்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.
அண்ணாந்து பார்த்தார்.

தலைக்கு மேல் நானூறு கிலோவோல்ட்.
தூறல் விழுந்தால்
வறசட்டியில் எள் பொரிகிற சத்தம் வரும்.
அன்றைக்குச் சும்மா இருந்தது.

"கோபுரம் நிக்குதுங்களே."
"நிக்குதுங்" என்றார் அப்பா.
"எங்களக் கேட்டுட்டுங்களா நட்டாங்க?"

ஆறு வருஷத்துக்கு முன்னால்
காங்கயம் தாலுகா ஆபீஸ் வாசலில்
பதினோரு நாள் உட்கார்ந்தவர் பொங்கியண்ணன், என் அப்பா.
கம்பியை மண்ணுக்குள் கொண்டு போ;
அவ்வளவுதான் கோரிக்கை.
பன்னிரண்டாம் நாள் வேனில் ஏற்றி
கல்யாண மண்டபத்தில் அடைத்து
தக்காளி சாதம் கொடுத்து சாயங்காலம் விட்டார்கள்.
வீடு வந்து சேர்ந்தபோது
நாலு குழிக்கும் கான்கிரீட் விழுந்திருந்தது.
இழப்பீட்டுக் காசோலையை
அவர் கையில் தொடவில்லை.

நான் அப்போது பதினொன்றாவது.
ஒரு பொழுது மசங்கின நேரத்தில்
ஃபியூஸ் போன டியூப்லைட்டை எடுத்துப் போய்
கம்பிக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்தேன்.
ஒயர் இல்லை, சோக்கு இல்லை.
என் கையிலேயே எரிந்தது,
பால் கழுவிய தண்ணீர் நிறத்தில்.
அப்பாவைக் கூப்பிடவில்லை.
பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில்
சாப்பிட்டுவிட்டு வந்தது போலிருந்தது.
ருசியாகவும் இருந்தது.

நோக்க அறிக்கை இரண்டு பக்கம் கேட்டார்கள்.
கூடப் படித்த ஷர்மிளாபானு
தன்னுடையதை அனுப்பி வைத்தாள்:
'சிறுவயது முதலே மின்சாரம் என்னை ஈர்த்து வந்திருக்கிறது.'
நானும் அதையே எழுதினேன்.
பொய்யில்லை.
தக்காளி சாதத்தை
எந்தப் பத்தியில் வைப்பது?

சனி ஞாயிறு கோவையில் ஜெர்மன் வகுப்பு.
அவர்கள் மொழியில்
மின்சாரத்துக்கும் பேராற்றுக்கும் ஒரே சொல். ஆண்பால்.
திரும்பும் பஸ் நொய்யல் பாலத்தில் ஏறும்போது
கீழே நுரை மட்டும் போய்க்கொண்டிருந்தது.
அப்பாவிடம் சொன்னேன்.
"ரெண்டும் நம்மளத் தாண்டித்தான போவுது"
என்று தட்டைக் கழுவப் போனார்.

மேலாளர் ஜெசிந்தா மேடம்
ஃபைலைப் புரட்டினார்.
மூணு ஏக்கர் நாற்பது சென்ட்.
கம்பி போகும் அகலத்தில்
வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது.
மதிப்பில் பாதி கழிவு.
"வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கும்மா.
வில்லங்கம் மேல இருக்குதே.
ஆமா, என்ன படிக்கப் போற?"

"உயரழுத்த மின்தடப் பொறியியல், மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார்.
சிரிக்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள்
அப்பா சிரித்துவிட்டார்.
பக்கத்துக் கவுண்டரில்
பணம் எண்ணும் மிஷின் நின்று
மறுபடி ஓடியது.

ஆறு லட்சம் குறைந்தது.
டிரெஸ்டனில் முதல் வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்
முன்கூட்டியே காட்ட வேண்டிய பணம்.
காட்டாவிட்டால் விசா இல்லை.

மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை அவர்.
நான்காம் நாள் சலவைச் சட்டை போட்டு
என்னை வண்டியில் உட்காரவைத்து
தாலுகா ஆபீசுக்குப் போனார்.
அதே வாசல்.
அவர்கள் பந்தல் போட்ட இடத்தில்
யாரோ இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஆறு வருஷமாக வாங்காத பணத்துக்கு
மூன்று இடத்தில் கையெழுத்து.
இரண்டாவதில் பேனா எழுதவில்லை;
உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து
மறுபடி போட்டார்.

வரும் வழியில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே
காற்றுக்கு மேல் குரலைத் தூக்கிக் கேட்டார்:
"அங்க மண்ணுக்குள்ள போடறாங்களாமா?"

"சில எடத்துலப்பா."

பழையகோட்டை ரோட்டில் திரும்பினோம்.
எங்கள் கோபுரம் தெரிந்தது, அதற்குப் பின்னால் அடுத்தது,
அதற்குப் பின்னால்.

போர் போட ஆள் பிடிக்கப் போகிறவனிடம்
சொல்கிற மாதிரி சொன்னார்:

"அடிக்கு எவ்வளவு ஆகுதுன்னு
கேட்டுட்டு வா சாமி."